வளர்ச்சிச் சொற்களைக் கற்போம், கூடிக் கற்போம்

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, நம் மாவட்டத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கத்தினர் ஒருவர் நகைக்கடன் பெற வந்தார். அரை ஏக்கர் மானாவாரி நிலமும், வீட்டில் ஒரு குழித்தறியும் உடையவர். வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். மனைவியின் தோடுகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். நகை மதிப்பீட்டாளர் எடை பார்த்துக்கொண்டிருந்த வேளையில், "எதற்காக இந்தக் கடன், பெரியவரே?" என்று கேட்டேன்.

"பையனை டவுனில் ஒரு வகுப்பிலே சேர்க்க வேணும், ஐயா. காலேஜ் முடித்துவிட்டான். வேலைக்குப் போகிற இடத்திலே இங்கிலீஷிலே ஏதேதோ கேட்கிறார்களாம். மைண்ட்செட், கான்ஃபிடன்ஸ் என்று என்னென்னவோ சொல்கிறான். அதைக் கற்றுக்கொண்டால்தான் ஆளாக முடியுமாம்" என்றார்.

மகனும் உடன் வந்திருந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பத்துச் சொல்லாக, ஏறக்குறைய நூறு ஆங்கிலச் சொற்களும் அவற்றுக்கு நேரே தமிழ்ப் பொருளும் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. "இனிஷியேட்டிவ் என்றால் என்ன, தம்பி?" என்றேன். "முன்முயற்சி, சார்" என்று உடனே விடை வந்தது. "நீ எடுத்த முன்முயற்சி ஒன்றைச் சொல், பார்க்கலாம்" என்றேன். இளைஞர் தலை குனிந்துகொண்டார்.

பிறகு தந்தையிடம் தறியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். ஒவ்வோர் ஐப்பசியிலும் மழைநீர் தறிக்குழிக்குள் ஊறி வேலை நின்றுபோகும் என்றும், நான்கு ஆண்டுகளுக்கு முன் தாமும் அதே தெருவில் நான்கு தறிக்காரர்களும் சேர்ந்து ஆளுக்கு ஐந்து நாள் உழைத்து, குழிகளின் சுவரை உயர்த்தி, தெருவோரம் வாய்க்கால் வெட்டியதாகவும் அவர் சொன்னார். அதன் பிறகு மழைக்காலத்தில் ஒரு நாளும் தறி நிற்கவில்லையாம். "யார் முதலில் சொன்னது?" என்று கேட்டேன். "நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்" என்றார். "தம்பி, இனிஷியேட்டிவ் என்பது இதுதான்" என்றேன். இளைஞர் நோட்டுப் புத்தகத்தைத் திரும்ப வாங்கி, அந்தச் சொல்லுக்கு எதிரே ஏதோ எழுதிக்கொண்டார்.

மகனிடத்தில் சொல் இருந்தது. தந்தையிடத்தில் பொருள் இருந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு ஜோடித் தோடுகள் அடகுக்கு வந்துவிட்டன. இந்த நிலை நம் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தோடு நிற்பதன்று என்பதாலேயே இதைப் பற்றி நம் அங்கத்தினர்களின் முன் என் அபிப்பிராயத்தை வைக்கத் துணிகிறேன்.

ஆங்கிலம் வேண்டாம் என்பதன்று என் வாதம்

2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு எண்பது பேர். நம் தருமபுரியில் 68.5 பேர். அன்றிருந்த 32 மாவட்டங்களில் நமக்கே கடைசி இடம். அப்படிப்பட்ட மாவட்டத்திலிருந்து முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்ற பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிச் செல்கிறார்கள். அங்கே நேர்முகத் தேர்வில், "உங்கள் குறிக்கோள் என்ன? உங்கள் பலம் எது? தோல்வியை எவ்வாறு எதிர்கொண்டீர்கள்?" என்றெல்லாம் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். கேள்வியின் சொல்லே விளங்காதவன், உள்ளத்தில் எத்தனை திறமை இருந்தாலும் ஊமையாகத் திரும்புகிறான். ஆகவே இச்சொற்களைக் கற்பது வீண் ஆடம்பரமன்று, அவசியமே. நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. இச்சொற்களைக் காசு கொடுத்துத் தனியே வாங்கிவிட முடியாது. அவை தொழிலோடு சேர்த்து, பலரோடு கூடிக் கற்க வேண்டியவை. அப்படிக் கற்பதற்கு நம் சங்கத்தைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

முதலில், எங்கும் அடிபடுகிற அந்த 'மைண்ட்செட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'மைண்ட்' என்பது மனம். 'செட்' என்பது நாம் அறியாத சொல்லன்று. கூரைக்குக் கான்கிரீட் போட்ட கொத்தனார், மறுநாள் கையால் தட்டிப் பார்த்து, "செட் ஆகிவிட்டது" என்று சொல்கிறாரல்லவா? அதே சொல்தான். ஒருவகையில் இறுகி அமைந்துபோன மனம் என்பது அதன் பொருள். மனப்பாங்கு என்று நாம் தமிழில் சொல்லலாம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனவியல் அறிஞர் கரோல் டுவெக் அம்மையார் 2006-இல் 'மைண்ட்செட்' என்ற பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். மனப்பாங்கு இருவகைப்படும் என்பது அவர் கருத்து. அறிவும் திறமையும் பிறப்போடு வந்தவை, இனிக் கூடுவதற்கில்லை என்று எண்ணுவது ஒன்று. முயற்சியாலும், நல்ல முறையாலும், பிறர் உதவியாலும் அவை வளரும் என்று எண்ணுவது மற்றொன்று. பின்னதையே 'குரோத் மைண்ட்செட்' என்கிறார்கள். வளரும் மனப்பாங்கு என்று சொன்னால் நமக்கு விளங்கிவிடும். "எனக்குக் கணக்கு வராது" என்பவன் முதல் வகை. "எனக்குக் கணக்கு இன்னும் வரவில்லை" என்பவன் இரண்டாம் வகை. 'இன்னும்' என்ற ஒரு சொல்லில் இவ்வளவு பெரிய வேறுபாடு அடங்கிவிடுகிறது.

வளர்ச்சி என்றால் என்ன என்பதை நம் மாவட்டத்துப் பட்டு வளர்ப்போருக்கு எந்த நூலும் கற்பிக்க வேண்டியதில்லை. பட்டுப்புழு கூடு கட்டுவதற்கு முன் நான்கு முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு நாள் தின்னாமல், அசையாமல், தலையைத் தூக்கியபடி கிடக்கிறது. பழக்கமில்லாதவன் பார்த்தால் புழுவுக்கு நோய் கண்டுவிட்டது என்று அஞ்சுவான். பழகியவரோ, அந்நேரத்தில் இலை போடாமல், தட்டை அசைக்காமல் காத்திருப்பார். தோல் கழன்ற பிறகு புழு முன்னிலும் பன்மடங்கு தின்று பெருக்கும். வளர்ச்சியில் நின்றுபோனது போன்ற காலமும் உண்டு, அது தோல்வியன்று. வகுப்பில் இதைக் 'குரோத்' என்ற ஒரு சொல்லாக எழுதிக்கொண்டு வரும் பிள்ளைக்கு, வீட்டிலுள்ள தாய் புழுத்தட்டைக் காட்டி முழுப் பாடமாகவே நடத்திவிட முடியும்.

இச்சொற்கள் பிறந்த வீடு

இச்சொற்கள் முதன்முதலில் எங்கே பிறந்தன என்று பார்த்தால், நம் போன்றோரின் வீட்டில்தான் என்பது தெரியவரும். தன்முன்னேற்றம் பற்றிய நூல்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் இன்றும் 'செல்ஃப் ஹெல்ப்' நூல்கள் என்று பெயர். தன்னுதவி என்பது பொருள். இப்பெயரைப் பரப்பிய நூல், சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் 1859-இல் வெளியிட்டது. அந்த நூல் உருவான கதையை அவரே அதன் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். லீட்ஸ் என்ற தொழில் நகரில், இரண்டு மூன்று ஏழை இளைஞர்கள் குளிர்கால இரவுகளில் ஒருவர் வீட்டில் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தொடங்கினார்கள். தொகை பெருகியபோது வீடு போதவில்லை. ஒருகாலத்தில் காலரா நோயாளிகளைக் கிடத்தியிருந்த, வேறு எவரும் வாடகைக்கு எடுக்க அஞ்சிய ஓர் அறையைப் பிடித்தார்கள். நூறு பேர் வரை சேர்ந்த அந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சுக்களே பின்னர் அந்நூலாயின. 'தன்னுதவி' என்ற பெயரை உலகமெங்கும் கொண்டுசென்ற நூல் ஒருவருக்கொருவர் உதவிய ஒரு கூட்டத்தில் பிறந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்னும் ஒரு செய்தி. ஸ்மைல்ஸின் நூலுக்கு ஓராண்டு முன்னதாக, 1858-இல், ஹோலியோக் என்பவர் வெளியிட்ட ஒரு நூலின் பெயரிலும் இதே 'செல்ஃப் ஹெல்ப்' என்ற சொல் இருக்கிறது. 'மக்கள் தாமே தமக்குச் செய்துகொண்ட உதவி' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். அந்நூல் யாரைப் பற்றியது? கூட்டுறவாளர் ஒவ்வொருவரும் அறிந்த ராக்டேல் முன்னோடிகளைப் பற்றியது! கம்பளி நெசவாளரை முக்கிய அங்கமாகக் கொண்ட 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் வீதம் மெல்லமெல்லச் சேர்த்த 28 பவுன் மூலதனத்துடன், 1844 டிசம்பர் 21-ஆம் நாள் டோட் லேன் என்ற சந்தில் திறந்த கடையே உலகக் கூட்டுறவு இயக்கத்தின் வித்து என்பதை நாம் அறிவோம். அந்த நெசவாளர்கள் மாவும் வெண்ணெயும் விற்பதோடு நிற்கவில்லை. படிப்பகம் அமைத்தார்கள், நூலகம் வைத்தார்கள், லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினார்கள். இன்றும் கூட்டுறவுக் கோட்பாடுகள் ஏழனுள் ஐந்தாவது கோட்பாடாகக் கல்வியும் பயிற்சியும் இடம் பெற்றிருப்பதற்கு அடிப்படை அவர்களே.

ஆகவே தன்னுதவி, தன்முன்னேற்றம் என்பன யாரோ கோட்டு அணிந்தவர் மேடையிலிருந்து நமக்கு வழங்கும் புதுச் சரக்கு என்று நாம் மயங்க வேண்டியதில்லை. அவை நெசவாளர் வீட்டுச் சொத்து. நம்மிடமிருந்து போன சரக்கே வேறு உறை போட்டு நமக்கே விலைக்கு வருகிறது.

நம் மாவட்டம் கற்றுக்கொண்ட ஒரு சொல்

ராக்டேல் வெகு தூரத்தில் இருக்கிறது. நூற்றெண்பது ஆண்டுக்கு முந்திய கதை என்று சொல்வோரும் இருக்கலாம். அவர்களுக்கு நம் மாவட்டத்தையே சான்றாகக் காட்டுவேன். அதே 'செல்ஃப் ஹெல்ப்' என்ற சொல் 1989-இல் தருமபுரிக்கு வந்தது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்திய திட்டத்தின்கீழ், மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழகத்தில் முதன்முதலில் தொடங்கப்பட்டது நம் மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது நம்மோடு சேர்ந்திருந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்குப் பரவி, 1997-98-இல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் அது விரிவடைந்தது.

அன்று அக்குழுக்களில் சேர்ந்த தாய்மார்களில் பலர் கையெழுத்துக்கூடப் போட அறியாதவர்கள். அவர்களுக்கு எவரும் நூறு சொல் கொண்ட பட்டியல் கொடுக்கவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் சிறு தொகை சேமித்தார்கள். வட்டமாக உட்கார்ந்து எவருக்கு முதலில் கடன் என்று பேசி முடிவு செய்தார்கள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் பழகினார்கள். வங்கிக்குப் போய் மேலாளரின் எதிரே நாற்காலியில் அமர்ந்தார்கள். இன்று நம் கிராமங்களில் 'குரூப்', 'லீடர்', 'மீட்டிங்', 'சேவிங்ஸ்', 'லோன்' ஆகிய சொற்களைப் பொருள் தெரிந்து பேசாத பெண்மணி அரிது. பள்ளிக்கூடம் தராத ஆங்கிலத்தைப் பாயும் பதிவேடும் தந்தன. 'லீடர்' என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதி பார்க்கவில்லை. சுழற்சி முறையில் தங்கள் முறை வந்தபோது அந்தப் பொறுப்பை வகித்துத் தெரிந்துகொண்டார்கள். சொல்லைக் கற்கும் நேர்வழி இதுவே.

தமிழுக்கு இதனால் கேடா?

"இவையெல்லாம் தமிழிலேயே இருக்கும்போது ஆங்கிலச் சொல் எதற்கு?" என்று கேட்கும் பெரியோர் நம் சங்கங்களில் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது. அதற்கு வ. உ. சிதம்பரனார் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. 1906-இல் பங்குகள் திரட்டிச் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியவர் அவர். தூத்துக்குடியில் 'தரும சங்க நெசவு சாலை' அமைத்தவரும் அவரே. 1908-இல் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. வழக்கில் அவரோடு நின்ற சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாட்களில் நம் பாப்பாரப்பட்டிக்கு வந்து, 1925-இல் அங்கேயே உயிர் நீத்தார். கோபாலபுரத்திலுள்ள நம் கரும்பு விவசாயிகளின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சிறைக்குள் செக்கிழுத்த சிதம்பரனார், ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் மனத்தின் ஆற்றலைப் பற்றி எழுதிய சிறு நூலைத் தமிழாக்கினார். அது 'மனம் போல வாழ்வு' என்ற பெயரில் 1909-இல் வெளிவந்தது. 'அகமே புறம்' முதலிய ஆலனின் வேறு நூல்களையும் பின்னர்த் தமிழில் தந்தார். ஆங்கிலேயரின் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், ஆங்கில நூலில் கண்ட நல்ல கருத்தை ஒதுக்கவில்லை. அதே சமயம் ஆங்கிலச் சொல்லை அப்படியே உச்சரித்துத் திரியவுமில்லை. பொருளை உள்வாங்கித் தமிழாக்கி ஊராருக்கு வழங்கினார். மனப்பாங்கைப் பற்றிய ஆங்கிலச் சொற்களைத் தமிழர் எவ்வாறு கற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரியை நான் அறியேன். அவருக்குப் பின் அப்துற் றஹீம், எம். எஸ். உதயமூர்த்தி போன்றோர் தமிழில் எழுதிய தன்முன்னேற்ற நூல்கள் எத்தனையோ இளைஞரின் கைக்குச் சென்றன. அவற்றை நூலகத்தில் எடுத்துப் படிக்கக் கடன் வாங்க வேண்டியதில்லை.

சில சமயம் ஆங்கிலச் சொல்லின் வேரை அறிவது நம் தமிழ்ச் சொல்லின் பெருமையையும் விளக்கும். 'கிரெடிட்' என்ற சொல் 'நம்புதல்' என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது. நம் முன்னோர் கடன் சங்கத்துக்கு 'ஐக்கிய நாணய சங்கம்' என்று பெயரிட்டார்கள். நாணயம் என்பது பணத்துக்கும் பெயர். வாக்குத் தவறாமைக்கும் பெயர். கடனுக்கு அடிப்படை காசன்று, நம்பிக்கையே என்ற உண்மையை இரு மொழிகளும் ஒப்புக்கொள்கின்றன. 'அக்கவுண்டபிலிட்டி' என்று வகுப்புகளில் பெரிதாகச் சொல்லும் சொல்லுக்குக் கணக்குக் காட்டும் கடமை என்பதே பொருள். ஆண்டுதோறும் பேரவையில் வரவு செலவை எழுந்து படிக்கும் நம் செயலாளர் அதைத்தான் செய்கிறார்.

ஒரு எச்சரிக்கை, ஒரு குற்ற ஒப்புதல்

இச்சொற்களில் ஓர் ஆபத்தும் உண்டு. அதை நான் பிறரைச் சுட்டிச் சொல்வதைவிட என்னைச் சுட்டியே சொல்வது முறை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தவணை தவறிய கடன்கள் மிகுந்திருந்த ஒரு சங்கத்தை ஆய்வு செய்தேன். பட்டம் பெற்ற மிடுக்கு. படித்த புத்தகங்களின் வாசம் நீங்காத காலம். அறிக்கையில், "அங்கத்தினர்களிடம் முன்னேற வேண்டும் என்ற மனப்பாங்கு இல்லை" என்று ஒரு வரி எழுதினேன். எழுதும்போது அது எனக்கு மிக நன்றாகவே தோன்றியது. இரண்டாம் முறை அங்கு சென்றபோது, சங்கத்தின் வாசலில் அமர்ந்திருந்த ஒரு முதியவர், "ஐயா, தக்காளிக்குப் பறிகூலி கட்டாமல் செடியிலேயே விட்ட வருஷம் அது. தவணை நாள் அதற்குள் வந்துவிட்டது. எங்கள் மனசிலே ஒன்றும் கோளாறு இல்லை, சந்தையிலேதான் கோளாறு" என்றார். கணக்கை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. விலை தேறிய அடுத்த பருவத்திலேயே அவர்களில் பெரும்பாலோர் நிலுவையைக் கட்டியிருந்தார்கள். நான் குறை கண்டிருக்க வேண்டியது தவணை நாளில், கண்டது மனிதரில்.

அன்று முதல் ஒன்று தெளிந்தேன். மனப்பாங்கு என்ற சொல்லைத் தனக்குத்தான் பயன்படுத்திக்கொண்டால் அது ஊன்றுகோல். பிறர்மேல் வீசினால் அது கழி. நூல் விலை ஏறி, நெய்த சேலை தேங்கிக் கிடக்கும் நெசவாளியிடம் "மைண்ட்செட்டை மாற்றிக்கொள்" என்று சொல்வது அறிவுரையாகாது. நூலை நேரத்துக்குக் கொடுப்பதும், கூலியை நிலுவையின்றிப் பட்டுவாடா செய்வதும், சரக்கை விற்றுத் தருவதும் சங்கத்தின் கடமை. அக்கடமையைச் செய்யாமல் மனத்தைப் பற்றி வகுப்பு நடத்துவது, அறுந்த இழையை முடியாமல் அச்சை அடிப்பதற்கு ஒப்பாகும்.

இந்த உண்மையை அறிவியலும் மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 உயர்நிலைப் பள்ளி மாணவரிடத்தே நடத்தப்பட்ட ஒரு பெரும் ஆய்வு 2019-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அறிவு வளரக்கூடியது என்பதை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடத்தின் மூலம் அவர்களுக்கு எடுத்துக்காட்டினார்கள். படிப்பில் பின்தங்கியிருந்தோருக்குப் பயன் உண்டாயிற்று. ஆயினும் அது சிறு பயனே. மதிப்பெண்ணில் சிறிதளவு உயர்வே. அப்பயனும், கடினமான பாடத்தை விரும்பி ஏற்கும் தோழர்கள் சூழ்ந்திருந்த பள்ளிகளிலேயே நன்கு வெளிப்பட்டது. அதாவது, நல்ல சொல் ஒருவன் காதில் விழுந்தால் மட்டும் போதாது; அச்சொல்லுக்கு இசைந்த கூட்டம் அவனைச் சுற்றி இருக்க வேண்டும். விதை நன்றாயிருந்தும் ஈரமில்லாத மண்ணில் முளைக்காது என்பதை அறியாத விவசாயி உண்டா?

என் யோசனை

ஆகவே நம் சங்கங்களுக்கு ஒரு யோசனையைப் பணிவோடு முன்வைக்கிறேன். வாரத்தில் ஒரு மாலை, சங்கக் கட்டடத்தில், ஒரு மணி நேரம் 'சொல் வகுப்பு' ஒன்று நடத்தலாம். ஆசிரியரை வெளியூரிலிருந்து அழைக்க வேண்டுவதில்லை. அங்கத்தினர்களின் பிள்ளைகளில் கல்லூரி முடித்தவர் எவரேனும் எந்த ஊரிலும் இருப்பார். அவர் முறை வைத்து நடத்தட்டும். பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரட்டும்.

வாரத்துக்கு ஒரே ஒரு சொல் போதும். ஆண்டுக்கு ஐம்பது சொற்கள் ஆகிவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். முதலாவது, அதன் பொருளை நல்ல தமிழில் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்வது. இரண்டாவது, பெரியவர் ஒருவர் தம் தறியிலிருந்தோ வயலிலிருந்தோ அச்சொல்லுக்கு ஒரு சான்று சொல்வது. அதைப் பிள்ளைகள் எளிய ஆங்கில வாக்கியம் மூன்றில் எழுதி உரக்கப் படிப்பது. மூன்றாவது, அந்த வாரத்தில் அச்சொல்லின்படி ஒரு சிறு காரியம் செய்துவிட்டு, அடுத்த வாரம் வந்து சொல்வது.

எடுத்துக்காட்டாக, 'பேஷன்ஸ்' என்ற சொல் வந்தால், பாவில் அறுந்த நூற்றுக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முடிந்த கதையை நெசவாளர் சொல்லட்டும். 'பிளானிங்' என்ற சொல்லுக்கு, எந்த மழைக்கு எந்த விதை என்று கேழ்வரகு விதைப்போர் கணக்கிடும் முறையைச் சொல்லட்டும். 'டீம்வொர்க்' என்ற சொல்லுக்கு, ஒருவர் தார் சுற்ற, ஒருவர் நெய்ய, ஒருவர் பாவுக்குக் கஞ்சி போட, ஒரு சேலை உருவாகும் வகையைச் சொல்லட்டும். பிறகு நேர்முகத் தேர்வில் அந்தப் பிள்ளையிடம் 'டீம்வொர்க்' பற்றிக் கேட்டால், மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தேடித் திணற மாட்டான். தன் வீட்டைப் பற்றியே பேசுவான். தான் கண்டதைச் சொல்பவனுக்கு மொழி தடுமாறினாலும் கருத்துத் தடுமாறாது.

இதற்கு ஆகும் செலவு ஒரு கரும்பலகையும், நோட்டுப் புத்தகங்களும், ஓர் அகராதியுமே. துணைவிதி இடம் தருமானால் பொதுநல நிதியிலிருந்து பேரவையின் ஒப்புதலோடு செலவிடலாம். இடம் தராவிட்டால் ஆளுக்குச் சிறு தொகை போட்டாலே போதும். மேலும், 2022 மார்ச்சு 1-இல் மாநில அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்க்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் திறன் பயிற்சிகளும் சேர்க்கப்பட்டன. இதுபோல அரசு வழியே கட்டணமின்றிக் கிடைப்பவை எவை எவை என்பதைச் சங்கச் செயலாளர் விசாரித்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால், தோடு அடகுக்கு வருமுன் குடும்பத்தார் ஒருமுறை யோசிக்க முடியும்.

"எங்களுக்கு வயதாகிவிட்டது, இனி ஆங்கிலம் எதற்கு?" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். உங்களை ஆங்கிலம் பேச அழைக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் சுமந்து வரும் வெற்றுச் சொற்களில் பொருளை நிரப்ப அழைக்கிறோம். அதை உங்களைத் தவிர வேறு எவராலும் செய்ய முடியாது. பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். 'கான்ஃபிடன்ஸ்' என்பது டவுனில் மூன்று மாத வகுப்பில் கிடைக்கும் பொருளன்று. உங்கள் தந்தை எத்தனை பேரை வைத்துத் தறிக்குழி வாய்க்காலை வெட்டினார் என்று கேட்டுப் பாருங்கள். அது எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

நான் முதலில் சொன்ன அந்த அங்கத்தினர் அன்று கடன் பெற்றாரா என்று அறிய நேயர்கள் விரும்பலாம். நகை எடை முடிந்து சீட்டு எழுதும் நேரத்தில் மகன் தந்தையைத் தனியே அழைத்துப் பேசினார். பிறகு பாதித் தொகைக்கு மட்டும் சீட்டு எழுதச் சொன்னார்கள். அதுவும் வகுப்புக்கன்று, பாவு நூலுக்கு. வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இளைஞர் சொல்லிவிட்டாராம். அவர் முடிவு சரியா தவறா என்று தீர்ப்புக் கூற நான் யார்? ஆனால் அவருக்கும் அவர் போன்றோருக்கும் வாரம் ஒரு மாலை உட்கார ஒரு பாயும், கேட்க ஒரு கூட்டமும் தர வேண்டிய பொறுப்பு நம் சங்கங்களுக்கு இருக்கிறது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.